வீட்டில் சம்மதிக்கவில்லை

திருமலைசாமி வீட்டின் பின்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டொன்றைக் கட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்கக் கறுப்புச் சாயம். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவை. "முப்பத்தஞ்சு நிமிஷமுங்க. தலையைத் தொடக்கூடாது, செவுத்துல சாயக்கூடாது, வெயில் ஏறுச்சுன்னா ஸ்டூலோட தள்ளி உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி கமலவேணி கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். தோலில் கறை பிடித்துவிடாமல் இருக்க நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டிருந்தாள். எண்ணெய் வாசமும் சாயத்தின் காரமான நெடியும் கலந்து மூக்கில் ஏறின. மண்டையில் மட்டும் குளிர்ச்சி. முழங்காலில் இளம் வெயில். சுகமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு மனிதன் எதுவுமே செய்யக்கூடாது என்ற கட்டளையோடு உட்கார வைக்கப்படுவது எத்தனை பேருக்கு வாய்க்கும். ஆனி மாதக் காற்று சுற்றுச்சுவரைத் தாண்டி வந்து கொடியில் கிடந்த வேட்டியை உப்ப வைத்துவிட்டுப் போனது. உடுமலைப்பேட்டையில் இந்த இரண்டு மாதத்துக்குக் காற்றைக் கேட்க ஆள் கிடையாது. மண்ணை அள்ளித் தலையில் போட்டால் சாயத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சென்னைக்குச் செம்மண் தலையோடுதான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது. சிரித்தால் நெற்றி சுருங்கும், சாயம் வழியும் என்று சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி. சனி, ஞாயிறு இரண்டு நாள் சென்னை. திங்கட்கிழமை காலை திரும்பி வந்துவிடலாம். சாயம் எதற்கு என்று கமலவேணி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. சென்னையில் இருக்கிற பழைய சிநேகிதன் வரதராஜ் தன்னைப் பார்க்கப்போகிறான், அதற்காகத்தான். வரதராஜுக்கும் இவர் வயதுதான். வாட்ஸப்பில் அவன் படத்தைப் பார்த்தால் நாற்பத்தைந்து என்று சொல்லலாம். அவனும் அவன் மனைவியும் ஸ்டேஷனுக்கே காரோடு வருகிறார்கள், ஓட்டலில் கொண்டுபோய் விடுகிறார்கள், சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள் என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நினைத்ததும் முழங்கால் வெயில் கொஞ்சம் சுட்டது. ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, கடலுக்குக் காலைல போறதுங்களா, சாயங்காலமா?" உள்ளேயிருந்து கமலவேணியின் குரல்.

"எப்பப் போனாலும் கடல் அங்கதான இருக்கப் போகுது?"

"சாயங்காலம் கூட்டமுங்க. வெடியால போயிரலாம். அஞ்சரைக்கு எந்திரிப்பீங்களா?"

"எந்திரிக்கறேன்."

பேனா ஓடும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்காது, ஆனாலும் கேட்டது போல இருந்தது. மூன்று நாளாக ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். சனி என்று ஒரு பக்கம், ஞாயிறு என்று ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் மணி, இடம், எதில் போவது. ரூமைக்கூட மகள் தாரணி போனிலேயே போட்டுத் தருகிறேன் என்று ஓசூரிலிருந்து சொன்னதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே அந்த ஓட்டலைக் கூப்பிட்டுப் பேசினாள். ஆயிரம் விளக்குப் பக்கம். ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்குமா என்று கேட்டாள். சத்தமா இருக்கும் மேடம் என்று அந்தப் பக்கம் சொன்னதற்கு, பரவாயில்லை, சத்தம் வேணும் என்றாள். சத்தம் வேணுமாம். இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் இப்படி இரண்டு பேர் மட்டும் ஊர் சுற்றவென்று எங்கேயும் போனதில்லை. யோசித்துப் பார்த்தார். பழனிக்குப் போனது அவள் அப்பா அம்மாவோடு. ஊட்டிக்குப் போனது கம்பெனி பஸ்ஸில், ஐம்பத்திரண்டு பேர், முட்டைக்கோஸ் பொரியல். மதுரைக்குப் போனது தாரணியின் காதுக்கு ஆபரேஷன் என்று. கோயம்புத்தூர் போனதெல்லாம் கல்யாணம், துக்கம், சேலை எடுப்பது. எப்போதும் நடுவில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு பை உட்கார்ந்திருக்கும். இப்போது நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள், வரதராஜ் இருக்கிற நேரம் போக, என்ன பேசுவது? வீட்டில் பேச்சு தானாக வந்துவிடுகிறது. தண்ணி வந்ததா, மோட்டாரைப் போட்டியா, பூச்சி மருந்துக்காரன் வந்தானா. ஆயிரம் விளக்கில் மோட்டார் போடவேண்டியதில்லை. பேச்சில்லாமல் இரண்டு பேரும் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்களோ. அதுவும் நல்லாத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவளுக்குப் பேச நிறைய இருக்கும். கல்யாணத்துக்கு முந்தி மூன்று வருஷம் அவள் சென்னையில் இருந்தவள். பெரியமேட்டில் தோல் ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். புரசைவாக்கத்தில் லேடீஸ் ஹாஸ்டல். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை, இவரும் கேட்டதில்லை. ஆனால் இந்த மூன்று நாளாகப் பேசுகிறாள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்தால் கேட்டைப் பூட்டிவிடும் வார்டன், சனிக்கிழமை மட்டும் கிடைக்கும் முட்டை தோசை, மாடிப்படியில் உட்கார்ந்து தலை காயவைத்த கேரளப் பெண்கள். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறவேண்டுமாம். ஏறலாம், ஏறலாம் என்று தள்ளிப்போட்டுக் கொண்டிருந்தபோதே பூட்டிவிட்டார்களாம், இப்போது திறந்திருக்கிறதாம். சொல்லும்போது அவள் கை தானாக மேலே போனது, விளக்கு எவ்வளவு உயரம் என்று காட்ட. அந்தக் கையை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அவள் பாத்திரம் துலக்கும் கையில்லை, பள்ளிக்கூட ஆபீசில் டிசி எழுதிக்கொடுக்கும் கையில்லை. அந்தக் கையை இவர் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். பஸ் கம்பியைப் பிடித்த கை.

அது தொண்ணூற்றேழு ஜனவரி. கல்யாணமாகி ஐந்தாவது மாதம். அவளுடைய ஹாஸ்டல் தோழி ஒருத்திக்குக் கல்யாணம் என்று சென்னை போயிருந்தார்கள். மண்டபத்திலிருந்து கிளம்பிப் புரசைவாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். கூட்டமென்றால் கூட்டம். இருபத்தொன்பது சி வந்தது, நிற்கவில்லை, நிற்பது போலப் பாவனை செய்துவிட்டு நகர்ந்தது. "வாங்க!" என்று ஒரு குரல். அடுத்த நொடி அவள் பக்கத்தில் இல்லை. பட்டுச்சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நாலடி ஓடி, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்து, படியில் கால் வைத்து ஏறிவிட்டாள். கண்டக்டரிடம் ஏதோ சொன்னாள், கண்டக்டரும் ஏதோ சொன்னான், படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இவர் ஒரு கையில் தாம்பூலப் பையோடு தார் ரோட்டில் நின்றார். தேங்காய் கனத்தது. ஏழெட்டு நிமிஷம் கழித்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தாள், மூச்சு வாங்க, முகமெல்லாம் வேர்த்து, சிரித்துக்கொண்டு. "நீங்க பின்னாடியே ஏறிட்டீங்கன்னே நினைச்சேனுங்க!" அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றுமில்லை. இன்னொருவன் என்றால் அன்று ராத்திரியே மறந்திருப்பான், இல்லாவிட்டால் சிரித்துச் சிரித்து ஊரெல்லாம் சொல்லியிருப்பான். இவருக்கு மட்டும் அது எங்கேயோ போய்த் தங்கிவிட்டது. அவள் ஏறியதல்ல, ஏறின பிறகு அந்த முகம். அந்த முகத்தை ஊரில் பார்த்ததேயில்லை. பொண்ணு பார்க்கப் போனபோது பார்த்ததில்லை, கல்யாண போட்டோவில் இல்லை. இவர் கட்டிக்கொண்டு வந்தது ஒருத்தியை, பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பது வேறொருத்தி என்று இருபத்தெட்டு வயது ஆம்பிளை நடுரோட்டில் நின்று நினைத்தான் என்றால் யாரிடம் சொல்வது. இடது காதுக்குப் பின்னால் அரித்தது. தொடக்கூடாது. தோளை உயர்த்தித் தேய்க்கலாமா என்று பார்த்தார். அதுவும் கூடாது. அரிப்பைச் சும்மா விட்டால் அது தானாகப் போய்விடும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். விட்டார். போகவில்லை.

போகாதது அது மட்டுமல்ல. முந்தாநாள் வரதராஜ் போனில், "மாப்ளே, வா வா, பழசெல்லாம் பேசணும்" என்று சொன்ன பேச்சும் காதை விட்டுப் போகவில்லை. பழசெல்லாம் என்றால் எது? பம்பு கம்பெனி ஸ்டோர் ரூமில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டதா, முதலாளியின் செருப்புச் சத்தத்துக்குப் பயந்து பீடியை அணைத்ததா? அதெல்லாம் பேசலாம், பேசட்டும். அது போகத் தொண்ணூற்றொன்பது ஜூன் என்று ஒன்று இருக்கிறதே. முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "திருமலை, மெட்ராஸ்ல பிராஞ்சு போடறோம். நீதான் போகோணும். வீடு பார்த்துக் குடுத்தறேன். உன் சம்சாரமும் அங்க வேலை பார்த்த புள்ளைதானாமா, அதுக்கும் சௌரியம்." மூன்று நாள் டைம் கொடுத்தார். மூன்று நாளும் இவர் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அன்று சாயங்காலமே சாமான் கட்ட ஆரம்பித்திருப்பாள். நாலாவது நாள் முதலாளி முன்னால் நின்றபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதாகத்தான் இருந்தார். ஆனால் முந்தின திங்கட்கிழமைதான் சந்தையில் அம்மா ஒரு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு போவதை முதலாளி காரை நிறுத்திப் பார்த்திருந்தார். அதனால் வேறொன்று வாயில் வந்தது. வீட்டுல சம்மதிக்கலைங்க. இரண்டே சொல். யோசித்துச் சொன்னதில்லை. பல்லில் கூடத் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முதலாளி தலையை ஆட்டினார். "பொம்பளைக அப்படித்தான். உடு." இரண்டு வாரத்தில் வரதராஜ் போனான். போனவன் கிளையை மூன்று கிளையாக்கினான். அப்புறம் தனியாகவே தொழில் வைத்தான், கார் வாங்கினான், முடி நரைக்காமல் இருக்கிறான். அதில் இவருக்கு வயிற்றெரிச்சல் கிடையாது, சத்தியமாகக் கிடையாது. ஸ்டோர் ரூமும், சாயங்காலம் ஐந்தரைக்கு வீடும், ஞாயிற்றுக்கிழமைக் காற்றும் இவருக்குப் போதும், போதுமாகத்தான் இருந்தது. ஆனால் போதும் என்று சொன்னது இவர். வேண்டாம் என்று சொன்னதாக ஆனது அவள். அவளுக்கே தெரியாமல் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை, தாரணிக்கு நாலு வயசிருக்கும், முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் அவர் மனைவி பந்தியில் கமலவேணியின் முதுகைத் தட்டி, "நீ செஞ்சதுதாஞ் சரி கண்ணு, நம்ம ஊரு நம்ம ஊருதான்" என்றாள். கமலவேணி ஒன்றும் புரியாமல் சிரித்து வைத்தாள். இவர் கையில் ஜாங்கிரி. அதை இலையில் திரும்ப வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "அந்தம்மா என்ன சொன்னாங்க? நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். "ஆளை மாத்திச் சொல்லியிருப்பாங்க" என்றார். அதுவும் வழுக்கிக்கொண்டுதான் வந்தது. முதல் பொய்க்குத்தான் தயக்கம் வேண்டியிருக்கிறது, அதற்கே இல்லை என்றால் இரண்டாவதற்கு எங்கே. இப்போது வரதராஜ் சனிக்கிழமை காலை காரை ஓட்டிக்கொண்டே, கண்ணாடியில் அவளைப் பார்த்து, ஒரு நல்ல எண்ணத்தில், "அன்னைக்கே நீ சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் பக்கத்துப் பக்கத்து வீடு, தங்கச்சி" என்று சொல்வான். சொல்லாமல் இருக்கமாட்டான். வெகுளி. சொல்லும்போது கார் எங்கே போய்க்கொண்டிருக்கும்? பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும். இறங்கக்கூட முடியாது. அதற்கு முன்னால் நாமே சொல்லிவிடலாம். எப்போது? ரயிலில்? ரயிலில் பக்கத்து சீட்டில் ஆள் இருக்கும். புதன்கிழமை? வியாழக்கிழமை? சொன்னால் வரமாட்டேன் என்பாளா? நோட்டை மூடி வைத்துவிடுவாளா? கலங்கரை விளக்கத்தின் உயரம் காட்ட மேலே போன அந்தக் கை கீழே வந்துவிடுமா?

பத்தரை ஆனதும் சொல்லி வைத்தது போல உள்ளே போன் அடித்தது. இவருடைய போன்தான். சாயம் பட்டுவிடும் என்று உள்ளேயே வைத்திருந்தார்.

"வரதண்ணனுங்க!" என்று கமலவேணி போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டு இவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இவர் எழுந்திருக்கப் பார்த்து, துண்டு நழுவ, மறுபடி உட்கார்ந்தார்.

"மாப்ளே, தங்கச்சி, ரெண்டு பேரும் இருக்கீங்களா? திட்டாதீங்க. வர்ற சனி ஞாயிறு நாங்க ஊர்ல இல்ல. பெங்களூர்ல பேரனுக்கு மொட்டை. மருமகன் இன்னைக்குத்தான் நாள் சொல்றாரு, எனக்கே கோவம்."

"அட, என்னங்கண்ணா! அக்காவைப் பார்க்கலாம்னு ஆசையா இருந்தேன்" என்றாள் கமலவேணி.

"அடுத்த தடவை வாம்மா. கார் வேணும்னா டிரைவரோட அனுப்பறேன்."

"காரெல்லாம் வேண்டாமுங்கண்ணா. நாங்க பஸ்லயும் மெட்ரோலயும் போய்க்கறோம்."

"மெட்ராஸை உனக்கு நானா சொல்லித் தரோணும். மாப்ளே, என்ன பேச்சையே காணோம்?"

"தலைல சாயம் போட்டிருக்கேன்டா" என்றார் திருமலைசாமி.

வரதராஜ் சிரித்த சிரிப்பில் போனே நடுங்கியது. அப்புறம் பேரனின் சேட்டை, பெங்களூர் குளிர், முதலாளிக்கு முழங்கால் வலி என்று என்னென்னவோ பேசினான். கமலவேணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பழைய கம்பெனி நாட்களைப் பற்றியும் பேசினான், பீடிக் கதையைக்கூடச் சொன்னான். சென்னைக்குத் தான் எப்படி வந்தேன் என்பதையும் சொன்னான்: "திடீர்னு ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, வரதா, நீ கெளம்புன்னாரு. ஏன் என்னைச் சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது தங்கச்சி. அதிர்ஷ்டம்!" திருமலைசாமி மூச்சை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்குத் தெரியவே தெரியாது. முதலாளி அவனிடம் சொல்லவே இல்லை. இருபத்தைந்து வருஷமாக இந்த உலகத்தில் இதைச் சுமந்துகொண்டிருப்பது இவர் ஒருத்தர்தான். முதலாளிக்கு எண்பது தாண்டிவிட்டது, முழங்காலைத் தவிர வேறெதுவும் அவருக்கு ஞாபகத்தில் இருக்காது. அந்தம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

போனை வைத்துவிட்டு, "போகுது போங்க, நாம ரெண்டு பேர் மட்டும்னு ஆச்சு" என்று சொன்ன கமலவேணி, "இன்னும் பதினஞ்சு நிமிஷம்" என்று உள்ளே போனாள். முகத்தில் வருத்தமே இல்லை. திருமலைசாமிக்கு உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி இறங்கியது, வெயிலில் நடந்து வந்து மோர் குடித்தது மாதிரி. தப்பித்தாயிற்று. சாயம் வீண், அதனால் என்ன, இருக்கட்டும், அவள் பக்கத்தில் நடக்கும்போது கறுப்பாக இருந்தால் அவளுக்கும் நல்லதுதானே. காற்று கொஞ்சம் நின்றிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தாளித்தார்கள்; கறிவேப்பிலை பொரியும் வாசம் சுவரேறி வந்தது. கொய்யா மரத்தில் அணில் ஒன்று தலைகீழாக இறங்கி, இவர் தலையைப் பார்த்துவிட்டு நின்று, மேலேயே திரும்பிப் போனது. எல்லாம் சரியாகிவிட்டது. இனி யாரும் சொல்லமாட்டார்கள். அவளுக்குத் தெரியவே போவதில்லை. விளக்கின் மேலே ஏறுவார்கள், காலையில் கடல் பார்ப்பார்கள், முட்டை தோசை கிடைக்கிற இடத்தைத் தேடுவார்கள். இவர் நல்ல புருஷனாகப் பின்னாலேயே போவார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை அப்படியே விழுங்கப் பார்த்தால் ஏதோ நெருடியது. யாருக்கும் தெரியாதென்றால் அது இல்லை என்றாகிவிடுமா? யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இருந்தவரைக்கும், ஒரு நாள் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு வழி திறந்திருந்தது. இப்போது அந்த வழியும் மூடிவிட்டது. இனி தெரியவேண்டும் என்றால் இவர் வாயிலிருந்துதான் தெரியவேண்டும். இவர் வாய்க்கு வழுக்கத் தெரியும், வேறென்ன தெரியும்.

கமலவேணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியும் சொம்புமாக வந்தாள். துணி துவைக்கும் கல்லின் மேல் தலையைக் குனியச் சொன்னாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். முதல் சொம்புத் தண்ணீர் பிடரியில் விழுந்து இரண்டு காதுப் பக்கமும் ஓடியது. அவள் விரல்கள் முடிக்குள் நுழைந்து அலசின. அப்படி யாராவது தலையை அலசிவிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. குழந்தைகளுக்குத்தான் இது கிடைக்கும்.

"வரதண்ணன் சொன்னதைக் கேட்டீங்களா? அதிர்ஷ்டமாம்" என்றாள் மேலேயிருந்து. "உங்களுக்கு மட்டும் அந்தக் கம்பெனில ஒருத்தரும் ஒரு வழி காட்டலை. முப்பது வருஷம் அதே ஸ்டோர் ரூம். நீங்களும் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. உங்களை மெட்ராசுக்கு அனுப்பியிருந்தா அவரை விட நல்லா வந்திருப்பீங்க. எனக்கு அந்த வருத்தம் உண்டுங்க. பாவம் நீங்க."

இன்னொரு சொம்புத் தண்ணீர்.

"என்னைத்தான் மொதல்ல கேட்டாங்க" என்றார் திருமலைசாமி, கல்லைப் பார்த்து.

"என்னங்க?"

"முதலாளி. என்னைத்தான் மொதல்ல போகச் சொன்னாரு. வரதனை இல்ல. நான்தான் முடியாதுன்னேன்."

விரல்கள் நின்றன. அப்புறம் மறுபடி அலசின, ஆனால் மெதுவாக.

"எப்போ?"

"தொண்ணூத்தொம்போது ஜூன்."

"நான் வேலை பார்த்த டைப் இன்ஸ்டிட்யூட்டை மூடுனாங்களே, அந்த மாசம்."

"ஆமா."

"வேலை போச்சுன்னு நான் ஒரு வாரம் அழுதேன்."

"ஆமா."

"நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஆறுதல் சொன்னீங்க."

இதற்கு அவர் ஆமா சொல்லவில்லை. கறுப்புத் தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து சாக்கடைப் பக்கம் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"முதலாளிகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

இங்கேயே நிறுத்திவிடலாம், அம்மாவைச் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அம்மா உயிரோடு இல்லை, கோபித்துக்கொள்ளமாட்டாள். "நீ சம்மதிக்கலைன்னு சொன்னேன், கமலா."

"நானா?"

"நீதான்."

அவள் சொம்பில் தண்ணீர் மொண்டாள். ஊற்றவில்லை. "அந்தம்மா," என்றாள். "அன்னைக்குப் பந்தில. ஆளை மாத்திச் சொல்லியிருப்பாங்கன்னு சொன்னீங்க." பிறகு, "ஏனுங்க?" என்றாள். கூப்பிடுகிற ஏனுங்க இல்லை. கேள்வி.

"பயம். அங்க நீ வேற ஆளு. அந்தப் பஸ்ல ஓடி ஏறுனியே, அப்பப் பார்த்தேன். அந்த ஆளுக்கு நான் எதுக்குன்னு இருந்துச்சு." கல்லிடம் சொல்வது சுலபமாக இருந்தது. "இங்கன்னா நான் இருக்கேன். அங்க நான் தாம்பூலப் பையோட நின்னுட்டே இருப்பேன்னு தோணுச்சு."

கமலவேணி கோபத்திலும் வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை. இன்னும் நாலு சொம்பு ஊற்றி, கறுப்பு போய்த் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினாள். காது மடலைத் துண்டின் நுனியால் துடைத்தாள். துண்டை அவர் தலைமேல் போட்டாள். சொம்பை வாளிக்குள் வைத்தாள், எறியவில்லை. உள்ளே போனாள்.

திருமலைசாமி தடவித் தடவி ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, துண்டுக்குள்ளேயே இருந்தார். வெளியே வர மனமில்லை. ஈரத் துணி வழியாக வெயில் செம்மஞ்சளாகத் தெரிந்தது. சொல்லிவிட்டோம். சொல்லாமலே இருந்திருக்கலாம், எல்லாம் சரியாகத்தானே போய்க்கொண்டிருந்தது. பதினைந்து நிமிஷம் முன்னால் தப்பித்த மனுஷன் தானாகத் திரும்பி வந்து கழுத்தை நீட்டினால் அவனை என்னவென்பது. ஆனால் கழுத்து லேசாக இருந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. இத்தனை வருஷம் அவள் இவரைப் பாவம் என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பாவத்தைத் தின்றுகொண்டுதான் இவர் இருந்திருக்கிறார். இனி கிடையாது. உள்ளே நோட்டுத் தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. போச்சு. சனி ஒரு தாள், ஞாயிறு ஒரு தாள். இரண்டாவது தாள் கிழிகிறதா என்று காத்திருந்தார். கிழியவில்லை. அதற்கு என்ன அர்த்தம்? சனி இல்லை, ஞாயிறு உண்டா? ஒரே தாளாகச் சேர்த்துக் கிழித்துவிட்டாளா? அடுப்பு அணைக்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் பேச்சுக் குரல், யாரிடமோ போனில், இரண்டு நிமிஷம், அழுத்தமாக, வேகமாக. அழும் குரல் இல்லை. என்ன பேசுகிறாள் என்று பிடிபடவில்லை. காற்று மறுபடி எழுந்து வேட்டியை அடித்தது. முடி காய ஆரம்பித்தது.

கமலவேணி வந்தபோது கையில் அந்தக் கிழித்த தாள் இருந்தது. எதிரே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கல் ஈரம், அதைக் கவனிக்கவில்லை.

"ஸ்கூல்ல எனக்கு ஒம்பது நாள் லீவு கிடக்குது" என்றாள். "நான் செவ்வாக்கிழமை சாயங்கால வண்டிக்குப் போறேன். ஓட்டல்ல பேசிட்டேன், புதன்கிழமைல இருந்தே ரூம் இருக்குதாம். நீங்க வெள்ளிக்கிழமை ஏறி சனிக்கிழமை வாங்க."

"தனியாவா?"

"நான் தனியாத்தான் போறேன். நீங்களும் தனியாத்தான் வர்றீங்க."

"அந்த மூணு நாளு என்ன பண்ணப் போற?"

"தெரியலைங்க. நடப்பேன். ஏதாச்சும் பஸ்ல ஏறுவேன்." அவள் தாளை மடித்தாள், பிரித்தாள். "எனக்குன்னு அங்க ஒண்ணு இருந்துச்சு. அது இன்னும் இருக்குதான்னு பார்க்கோணும். உங்களைப் பக்கத்துல வெச்சுட்டுப் பார்க்க முடியாது."

அவருக்கு அது வலித்தது. அதே சமயம் அது சரி என்றும் இருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, சண்டை போடாமல்.

"ஸ்டேஷனுக்கு வருவியா?"

"வரமாட்டேன்." தாளை அவர் முன்னால் நீட்டினாள். அவளுடைய டைப் அடித்தது போன்ற கையெழுத்து. சென்ட்ரல். கீழே இறங்கி மெட்ரோ. விமான நிலையம் போகும் வண்டி. ஆயிரம் விளக்கு. ஓட்டல் பேர், தெருப் பேர், முன்னால் ஒரு மருந்துக்கடை. "எட்டு மணிக்குக் கீழ இருக்கற காபிக் கடைல உட்கார்ந்திருப்பேன். எட்டரை வரைக்கும் பார்ப்பேன்."

"எட்டரைக்கு மேல ஆச்சுன்னா?"

"விளக்குல ஏறப் போயிருவேன்."

அவள் சொன்ன விதத்தில் விளையாட்டு இருக்கிறதா என்று தேடினார். கொஞ்சம்போல இருந்தது, அடியில்.

"கோவம் போகலைங்க. தெரிஞ்சுக்குங்க."

"தெரியுது."

"போக நாளாகும்."

"ஆகட்டும்."

அவள் எட்டி அவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள், சாயம் பிடித்திருக்கிறதா என்று. பிடித்திருந்தது போலிருக்கிறது, கையை எடுத்தாள். தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பார்க்காம சொல்லுங்க."

"சென்ட்ரல்ல இறங்கறேன். படி இறங்கி மெட்ரோவுக்குப் போறேன். ஏர்போர்ட் வண்டில ஏறறேன். ரெண்டாவது ஸ்டேஷன்ல இறங்கறேன்."

"மூணாவது."

"மூணாவது. யாரையாச்சும் கேட்டுக்கலாமுல்ல?"

"கேளுங்க. வாய் இருக்குதில்ல. மறுபடி சொல்லுங்க."

ஐம்பத்தாறு வயதில், கறுத்த தலையோடு, திருமலைசாமி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலை தன்னந்தனியாக அந்தக் கூட்டத்தில் படி இறங்கப் போகிற ஒருவனை நினைத்துப் பார்த்தார். அவன் எப்படி இருப்பான் என்று இவருக்கே தெரியவில்லை. பார்க்கவேண்டும் போல இருந்தது.

"சென்ட்ரல்ல இறங்கறேன்" என்று ஆரம்பித்தார்.